பயணத்தை அண்டை நாட்டில் தொடங்கினால் எவ்வளவு மிச்சம்? கோலாலம்பூர், பினாங்கு வாசிகளுக்கான முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகும் கேஎல்எம் விமானத்தைக் கவனியுங்கள். பல ஆண்டுகளாக அது ஜகார்த்தாவில் புறப்பட்டு, கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் இறங்கி, நம் ஊர்ப் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா போகிறது. ஜகார்த்தாவில் ஏறியவர் நம்மைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பறக்கிறார். ஆனாலும் சில நாள்களில் அவர் கொடுத்த கட்டணம் நம்முடையதைவிடக் குறைவு. விமான நிறுவனங்கள் தூரத்தை அளந்து விலை வைப்பதில்லை. எந்த ஊரில் பயணம் தொடங்குகிறது, அந்தச் சந்தையில் போட்டி எவ்வளவு, அங்குள்ளவர்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்று பார்த்துத்தான் வைக்கின்றன. நேரடி விமானம் உள்ள ஊரில் நேரத்தை மிச்சப்படுத்துவதற்குத் தனி விலை உண்டு. நேரடி விமானம் இல்லாத ஊரில் ஐந்தாறு நிறுவனங்கள் இடைநிறுத்தத்தோடு போட்டி போடுவதால் விலை இறங்கும்.

அந்த விலை வித்தியாசத்தைப் பயன்படுத்துவதுதான் இங்கே விளக்கப்படும் வழி. ஒரு சிறிய டிக்கெட்டில் அண்டை நாட்டுக்குப் போய், நெடும்பயண டிக்கெட்டை அங்கிருந்து தொடங்குவது. இது சட்டப்படியும் விமான நிறுவன விதிப்படியும் சரியானதே. நீங்கள் வாங்கிய டிக்கெட்டை, வாங்கியபடி, முதல் விமானத்திலிருந்து முழுவதுமாகப் பறக்கிறீர்கள், அவ்வளவுதான்.

யாருக்கு இது உதவும், யாருக்கு உதவாது

முதலில் ஓர் உண்மை. கோலாலம்பூரே இந்த வட்டாரத்தில் மலிவான புறப்பாட்டு நகரங்களில் ஒன்று. சிங்கப்பூர்க்காரர்கள் இதே வழியைக் கையாள நம் ஊருக்குத்தான் வருகிறார்கள். ஆகவே எகானமி வகுப்பில், சாதாரண மாதத்தில், ஒருவரோ இருவரோ போவதற்கு இந்தச் சுற்றுவழி பெரும்பாலும் பயன் தராது. விளம்பரத்தில் தெரியும் வித்தியாசத்தை அண்டை நாட்டுக்குப் போய்வரும் விமானமும் பெட்டிக் கட்டணமும் ஓர் இரவு ஹோட்டலும் தின்றுவிடும்.

உண்மையான லாபம் மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது பிசினஸ் வகுப்பு. அங்கே ஆளுக்குச் சில ஆயிரம் ரிங்கிட் வித்தியாசம் வருவது அரிதல்ல. இரண்டாவது, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் போன்ற நம் நெரிசல் காலங்களில் நான்கைந்து பேர் கொண்ட குடும்பமாகப் போவது. மூன்றாவது, ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒரே கண்டத்துக்குப் போய்வருவோர். படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் இதில் அடக்கம். இவர்களுக்குப் பயன்படும் சங்கிலி முறை பின்னால் வருகிறது. இந்த வழியின் உயிரே அதுதான்.

படி 1: வீட்டு விலையைச் சரியாகப் பிடியுங்கள்

எதோடு ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக இல்லாவிட்டால் மிச்சம் என்ற பேச்சே இல்லை. நீங்கள் போக வேண்டிய தேதிக்கு முன்பின் மூன்று நாள் வைத்து, கோலாலம்பூரிலிருந்து மிகக் குறைந்த விலையையும், நீங்கள் மனம் ஒப்பிப் போகக்கூடிய விலையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 19 மணி நேரக் காத்திருப்போடு வரும் மலிவு டிக்கெட்டையும் ஜகார்த்தாவிலிருந்து ஒரே மாற்றத்தோடு வரும் டிக்கெட்டையும் ஒப்பிட்டால் கணக்கு பிசகும்.

பினாங்குக்காரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். பினாங்கு விமான நிலையமான பாயான் லெப்பாஸிலிருந்து தொடங்கும் விலையையும் கோலாலம்பூரிலிருந்து தொடங்கும் விலையையும் இரண்டையும் பாருங்கள். சிங்கப்பூர் வழியாகவோ கேஎல்ஐஏ வழியாகவோ ஒரே டிக்கெட்டில் போகும்போது, பினாங்கிலிருந்து ஏறுவதற்குக் கூடுதலாகக் கேட்கும் தொகை மிகச் சிறியதாக இருக்கலாம். சில தேதிகளில் பினாங்கு விலை குறைவாகவே இருக்கும். அப்படி அமைந்தால் கோலாலம்பூர்வாசிகளுக்கே அதுதான் எளிய வழி. கடப்பிதழில் முத்திரை இல்லை, நாணய மாற்றம் இல்லை. வெளிநாட்டைத் தேடும் முன் இதைப் பார்க்காமல் விடுவது பெரிய கவனக்குறைவு.

படி 2: எந்த நகரம்?

மேடான். பினாங்கிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். கோலாலம்பூரிலிருந்தும் அதே அளவுதான். குவாலானாமு விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயில் உண்டு. 2013இல் தொடங்கிய அது இந்தோனேசியாவின் முதல் விமான நிலைய ரயில். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசியா ஏர்லைன்ஸ் இரண்டுமே மேடானுக்குப் பறப்பதால், மேடான்–சிங்கப்பூர்–ஐரோப்பா, மேடான்–கோலாலம்பூர்–லண்டன் என்று ஒரே டிக்கெட்டில் எடுக்கலாம். பினாங்கு மக்கள் முதலில் தேட வேண்டிய ஊர் இதுதான். நெடும்பயண விமானங்கள் அங்கே குறைவு என்பதே இதன் குறை. அந்த நாளைய இணைப்பு விமானம் ரத்தானால் மாற்று வழி எளிதில் கிடைக்காது.

ஜகார்த்தா. எமிரேட்ஸ், கத்தார், எத்திஹாட், டர்க்கிஷ், கேஎல்எம் எனப் பல நிறுவனங்கள் மோதும் சந்தை. பிசினஸ் வகுப்பு தேடுவோர் தவறவிடக் கூடாத இடம். சுக்கார்னோ-ஹத்தாவில் முனையங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றன. இடையே இலவச ரயில் ஓடுகிறது. நீங்கள் வந்திறங்கும் முனையமும் புறப்படும் முனையமும் ஒன்றா என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே பாருங்கள்.

பேங்காக். போட்டி மிக அதிகம், ஐரோப்பிய நிறுவனங்களும் கணிசமாக உண்டு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து செல்லும் மலிவு விமானங்கள் பெரும்பாலும் டான் முவாங்கில் இறங்கும். நெடும்பயண விமானங்கள் சுவர்ணபூமியில் புறப்படும். இரண்டுக்கும் இடையே டிக்கெட் காட்டுவோருக்கு இலவசப் பேருந்து உண்டு. ஆனால் பேங்காக் சாலை நெரிசலில் அது ஒரு மணி நேரமும் ஆகும், இரண்டும் ஆகும். மலேசியா ஏர்லைன்ஸ், தாய் ஏர்வேய்ஸ் போன்றவை நேரே சுவர்ணபூமிக்குப் போகின்றன. அவற்றில் கூடுதலாக 100 ரிங்கிட் கொடுப்பது வீண்செலவல்ல.

ஹோ சி மின் நகரமும் கொழும்பும் பிசினஸ் வகுப்புக்கு அவ்வப்போது நல்ல விலை காட்டும். கொழும்பு மேற்கே இருப்பதால் ஐரோப்பாவுக்கோ மத்தியக் கிழக்குக்கோ போகும்போது வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. அமெரிக்க மேற்குக் கரைக்குப் போவதென்றால் ஹோ சி மின் பொருத்தம்.

சிங்கப்பூரைத் தேடலில் சேருங்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சென்னையைப் பற்றி நம்மவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. மலேசியக் கடப்பிதழுக்கு இந்திய மின்விசா வேண்டும், ஒரு நாள் கூடுதலாகும். உறவினரைப் பார்க்க எப்படியும் போகிறவர்களுக்கு மட்டும் அது கணக்கில் பொருந்தும். அவர்கள் கோலாலம்பூர்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–லண்டன் போய்வர ஒரு டிக்கெட் என்று பிரித்துப் பார்க்கலாம்.

நாட்காட்டியையும் சேர்த்துப் படியுங்கள். நமக்கு நெரிசலாக இருக்கும் காலத்தில் அங்கே நெரிசல் இல்லாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. டிசம்பர் கடைசி எல்லா ஊரிலும் விலை கூடும். நோன்புப் பெருநாள் இந்தோனேசியாவிலும் உச்சம், ஆகவே அப்போது ஜகார்த்தா உதவாது, பேங்காக் உதவலாம். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான், அப்போது பேங்காக்கைத் தவிருங்கள். சீனப் புத்தாண்டில் ஹோ சி மின்னுக்கும் அதே கதிதான், வியட்நாமியப் புத்தாண்டும் அப்போதே வரும்.

படி 3: தேடும் முறை

கூகுள் ஃபிளைட்ஸில் புறப்படும் இடத்துக்கான பெட்டியில் ஏழு விமான நிலையங்கள் வரை ஒரே நேரத்தில் இடலாம். கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர், மேடான், ஜகார்த்தா, பேங்காக், ஹோ சி மின் என்று ஏழையும் போடுங்கள். போகும் இடத்திலும் ஒன்றுக்கு மேல் போடலாம். லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், டப்ளின் என்று. தேதிக் கட்டத்தைத் திறந்தால் எந்த நாளில் எந்த விலை என்று ஒரே பார்வையில் தெரியும். நாணயத்தை ரிங்கிட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட எளிது.

ஒரு நகரம் மலிவாகத் தெரிந்ததும் அதை மட்டும் தனியே எடுத்து மீண்டும் தேடுங்கள். பிறகு ஐடிஏ மேட்ரிக்ஸ் என்ற இலவசத் தேடுபொறியில் அதே பயணத்தைப் போட்டுப் பாருங்கள். அது டிக்கெட் விற்பதில்லை. ஆனால் கட்டணத்தின் உள்ளமைப்பை, அதாவது அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, நிறுவனம் விதிக்கும் கூடுதல் கட்டணம் எவ்வளவு, ஒவ்வொரு நாட்டின் வரி எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டும். கட்டண விதிகளையும் அங்கேயே படிக்கலாம்.

கடைசியாக விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதே விலை வருகிறதா என்று பாருங்கள். பெயர் தெரியாத இடைத்தரகர் தளம் 150 ரிங்கிட் குறைவாகக் காட்டினாலும் இந்த வகைப் பயணத்துக்கு அது வேண்டாம். நேரம் மாறும்போதும் விமானம் ரத்தாகும்போதும் நீங்கள் விமான நிறுவனத்தோடு நேரடியாகப் பேச வேண்டியிருக்கும். இடையில் ஒரு மூன்றாம் ஆள் இருந்தால் இருபக்கமும் உங்களை மற்றவரிடம் தள்ளிவிடும்.

படி 4: வாங்கும் முன் கட்டண விதியைப் படியுங்கள்

விதிகள் எண் வரிசையில் பிரிக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. 5ஆம் பிரிவு எத்தனை நாள் முன்னதாக வாங்க வேண்டும் என்பது. 6ஆம் பிரிவு போன இடத்தில் குறைந்தது எத்தனை நாள் தங்க வேண்டும் என்பது. 7ஆம் பிரிவு அதிகபட்சம் எவ்வளவு காலத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது. 8ஆம் பிரிவு வழியில் தங்குவதைப் பற்றியது. 16ஆம் பிரிவு மாற்றத்துக்கும் ரத்துக்குமான அபராதம்.

இவற்றில் 7ம் 8ம் நமக்கு உயிர்நாடி. சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் என்றால் அது இணைப்பு. அதைத் தாண்டினால் தங்கல். கோலாலம்பூர் வழியாகப் போகும் டிக்கெட்டில், திரும்பும்போது இங்கே தங்கல் அனுமதி உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு, டிக்கெட் மூன்று மாதத்தில் முடிந்துவிடுமா, பன்னிரண்டு மாதம் செல்லுமா என்பதை இந்த இரண்டு பிரிவுகளும் சொல்லும்.

படி 5: முழுக் கணக்கு

இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் தேதிக்குரிய எண்களை இட்டுப் பாருங்கள்.

எகானமியில் இருவர். கோலாலம்பூர்–லண்டன் போய்வர ஆளுக்கு 3,600 ரிங்கிட், பேங்காக்கிலிருந்து 3,050 என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் சேர்த்து வித்தியாசம் 1,100. இனிச் செலவு: கோலாலம்பூர்–பேங்காக் போய்வர இருவருக்கும் 840. பெட்டிகளுக்கு இருவழியும் 280. ஓர் இரவு ஹோட்டல் 180. வண்டி, சாப்பாடு 120. வெளிநாட்டு நாணயத்தில் கட்டியதற்கு அட்டைக் கட்டணம் இரண்டு விழுக்காடு என்றால் 122. மொத்தம் 1,542. அதாவது 442 ரிங்கிட் நட்டம், கூடவே ஒரு நாள் விடுப்பும் போச்சு.

பிசினஸ் வகுப்பில் அதே இருவர். கோலாலம்பூரிலிருந்து 13,500, ஜகார்த்தாவிலிருந்து 9,800. வித்தியாசம் 7,400. ஜகார்த்தாவுக்குப் போய்வரும் இணைப்பு விமானம் 900, பெட்டி 320, ஹோட்டல் 220, வண்டி 100, அட்டைக் கட்டணம் 392. மொத்தம் 1,932. கையில் மிஞ்சுவது 5,468 ரிங்கிட்.

எங்கள் கணிப்பில், எகானமியில் ஆளுக்கு 800 ரிங்கிட்டுக்குக் குறைவான வித்தியாசத்துக்காகப் புறப்பட வேண்டாம். முதியவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால் அந்த வரம்பை இரட்டிப்பாக்குங்கள்.

ஒரு சிறு வரவும் உண்டு. மலேசியாவிலிருந்து வெளியேறும் விமானப் பயணிக்கு 2019 செப்டம்பர் 1 முதல் புறப்பாட்டு வரி இருக்கிறது. ஆசியான் நாடுகளுக்கு எகானமியில் 8 ரிங்கிட், மற்ற நாடுகளுக்கு 20. எகானமிக்கு மேற்பட்ட வகுப்பில் முறையே 50, 150. நீங்கள் எகானமியில் ஜகார்த்தா போய் அங்கிருந்து பிசினஸில் பறந்தால் 150க்குப் பதில் 8 தான். அந்த நாட்டின் விமான நிலையக் கட்டணம் டிக்கெட் விலைக்குள்ளேயே வந்துவிடும்.

படி 6: வாங்கும் வரிசை

நெடும்பயண டிக்கெட்டை முதலில் வாங்குங்கள். உறுதிப்பாட்டு மின்னஞ்சலில் டிக்கெட் எண் வந்துவிட்டதா என்று பாருங்கள். பதிமூன்று இலக்க எண் இல்லையென்றால் டிக்கெட் இன்னும் வெளியாகவில்லை. அது வந்த பிறகே, அதே நாளில், அண்டை நாட்டுக்குப் போகும் இணைப்பு விமானத்தை வாங்குங்கள். மாற்றி வாங்கியவர்கள் பயன்படாத மேடான் டிக்கெட்டோடு நிற்க நேரிடும்.

பணம் கட்டும் பக்கத்தில் 'ரிங்கிட்டில் கட்டலாமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதத்தில் விற்பவரின் லாபம் ஏறியிருக்கும். டிக்கெட் விலை குறிக்கப்பட்ட நாணயத்திலேயே கட்டி, வெளிநாட்டுக் கட்டணம் குறைவாக உள்ள அட்டையைப் பயன்படுத்துங்கள். பெரிய தொகை வெளிநாட்டுத் தளத்தில் போகும்போது வங்கி தடுத்துவிடுவது வழக்கம். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா, அன்றாட வரம்பு போதுமா என்று முன்கூட்டியே சரிபாருங்கள்.

படி 7: இரண்டு டிக்கெட்டுகளுக்கும் நடுவில்

தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டு நிறுவனங்களுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் வராமல் போன பயணி. முதல் விமானத்துக்கே வரவில்லை என்பதால் திரும்பும் விமானம் உட்பட முழு டிக்கெட்டும் ரத்தாகும். இந்த வழியில் நேரக்கூடிய மிகப் பெரிய இழப்பு இதுதான்.

அதனால் முந்தைய நாளே போய் ஓர் இரவு தங்குவதுதான் எங்கள் பரிந்துரை. அதே நாளில்தான் போக வேண்டும் என்றால் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி, அதிலும் உங்கள் இணைப்பு விமானத்துக்குப் பின்னால் இன்னொரு விமானம் இருக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலில் இடிமழை வழக்கம் என்பதால் காலை விமானமே நல்லது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சுமத்ராவில் புகைமூட்டம் வரும் காலம். மேடான் வழிக்கு அப்போது இடைவெளியைக் கூட்டுங்கள். நேர வித்தியாசத்தையும் மறக்காதீர்கள். மேடான், ஜகார்த்தா, பேங்காக், ஹோ சி மின் நான்கும் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். கொழும்பு இரண்டரை மணி நேரம். போகும்போது இது உங்களுக்குச் சாதகம். திரும்பி வரும்போது அதே ஒரு மணி நேரம் குறையும்.

பெட்டி நேராகப் போய்ச் சேராது. இறங்கிய நாட்டில் குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மீண்டும் செக்-இன் செய்ய வேண்டும். நெடும்பயண டிக்கெட்டில் 23 கிலோ பெட்டி இரண்டு அனுமதி இருக்கலாம். ஆனால் மலிவு விமானத்தில் வாங்கிய அளவுதான் செல்லும். ஆகவே இணைப்பு விமானத்துக்கு உங்கள் உண்மையான எடையை டிக்கெட் வாங்கும்போதே சேர்த்து வாங்குங்கள். விமான நிலையத்தில் கட்டினால் விலை பல மடங்கு. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. கேஎல்ஐஏவில் முனையம் 2இல் ஏர்ஏசியா, முனையம் 1இல் மலேசியா ஏர்லைன்ஸும் பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்களும். இரண்டுக்கும் இடையே ரயிலில் மூன்று நிமிடம், 2 ரிங்கிட்.

நுழைவு விதிகள்: மலேசியக் கடப்பிதழுக்கு இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம், சிங்கப்பூர் நான்கிலும் குறுகிய வருகைக்கு விசா தேவையில்லை. கடப்பிதழ் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் இணைய வருகை அட்டை கட்டாயம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கும் இந்தோனேசியாவுக்கும் இதுபோன்ற இணையப் படிவங்கள் உண்டு. எல்லாமே இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. கோலாலம்பூரில் வேலை செய்யும் இந்திய, இலங்கைக் கடப்பிதழ்க்காரர்களுக்கு விதி வேறு. தொடங்கும் நாட்டின் விசாச் செலவையும் படி 5 கணக்கில் சேருங்கள். மேடானுக்கு ஒருவழி டிக்கெட்டோடு நின்றால் செக்-இன் மேசையில் அடுத்த டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள். நெடும்பயண டிக்கெட்டை அச்செடுத்துக் கையில் வையுங்கள்.

கடைசித் துண்டும் சங்கிலி முறையும்

ஜகார்த்தாவில் தொடங்கி கோலாலம்பூர் வழியாக லண்டன் போய்வரும் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கேஎல்ஐஏவில் இறங்குகிறீர்கள். வீடு அரை மணி நேரத் தொலைவில். ஜகார்த்தா வரை போய் மீண்டும் வர வேண்டுமா என்று தோன்றும்.

முதல் துண்டை, அதாவது டிக்கெட்டின் முதல் விமானத்தை, தவிர்க்கவே முடியாது. ஜகார்த்தாவில் ஏறாமல் கோலாலம்பூரில் ஏறிக்கொள்கிறேன் என்றால் டிக்கெட் அப்போதே செத்துவிடும், மேசையில் எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை. கடைசித் துண்டைத் தவிர்ப்பது உடல்ரீதியாக முடியும். ஆனால் அது பயண ஒப்பந்தத்தை மீறுவது. பெட்டி ஜகார்த்தா வரை ஒட்டப்பட்டிருந்தால் அது அங்கே போய்விடும். அந்த நிறுவனத்தில் சேர்த்த மைல் புள்ளிகள் பறிபோகலாம், கட்டண வித்தியாசத்தையும் கேட்கலாம். கடைசித் துண்டைப் பறக்காத ஒரு பயணியின் மீது லுஃப்தான்சா வழக்கே தொடுத்தது. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது என்றாலும், அந்தத் தலைவலி நமக்கு வேண்டாம். நேர்மையான வழியே அதைவிட லாபமாக இருக்கிறது.

அந்த வழி இது. டிக்கெட்டைப் பல நகரப் பயணமாகப் பதிவு செய்யுங்கள்: ஜகார்த்தா–லண்டன், லண்டன்–கோலாலம்பூர், பிறகு சில வாரமோ மாதமோ கழித்து கோலாலம்பூர்–ஜகார்த்தா. விதியின் 8ஆம் பிரிவு அனுமதித்தால் கோலாலம்பூரில் தங்கல் இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ கிடைக்கும். 7ஆம் பிரிவு அனுமதித்தால் முதல் விமானம் ஏறிய நாளிலிருந்து ஓராண்டு வரை அந்தக் கடைசித் துண்டு உயிரோடு இருக்கும். லண்டனிலிருந்து நேரே வீட்டுக்கு வருகிறீர்கள், பெட்டியும் இங்கேயே வரும்.

அடுத்த நெடும்பயணத்தை மீண்டும் ஜகார்த்தாவிலிருந்து தொடங்குங்கள். முதல் டிக்கெட்டின் கடைசித் துண்டு உங்களை ஜகார்த்தாவில் கொண்டு விடும், மறுநாள் இரண்டாவது டிக்கெட் அங்கே தொடங்கும். இணைப்பு விமானத்துக்குத் தனிச் செலவே இல்லை. இரண்டாவதன் கடைசித் துண்டு மூன்றாவதைத் தொடங்கிவைக்கும். கயிறு திரிப்பதைப் போல ஒன்றின் முடிவை மற்றதன் தொடக்கத்தோடு பிணைத்துக்கொண்டே போகலாம். முதல் முறை மட்டும் ஒருவழி டிக்கெட் வாங்கினால் போதும். சங்கிலியை நிறுத்த நினைக்கும்போது கடைசித் துண்டை ஒரு வார இறுதி விடுமுறையாக்கி, மலிவு விமானத்தில் திரும்பிவிடலாம்.

தங்கல் அனுமதியே இல்லாத கட்டணமாக இருந்தால், 24 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்குப் போய்த் தூங்கி, பெட்டியை வைத்துவிட்டு, கைப்பையோடு மறுநாள் ஜகார்த்தா போய்வருவது அவ்வளவு சிரமமல்ல. பெட்டியைக் கோலாலம்பூர் வரை மட்டும் ஒட்டும்படி லண்டன் மேசையில் கேளுங்கள். இரவு தங்கும் இணைப்பில் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் அது அவர்கள் விருப்பம்.

பிரிட்டன் வரியும் டப்ளின் பெற்றோரும்

பிரிட்டனிலிருந்து புறப்படும்போது விமானப் பயணிகள் வரி உண்டு. கோலாலம்பூர் தொலைவுக்கு 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை எகானமியில் 94 பவுண்டு, அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 224 பவுண்டு. 2026 ஏப்ரல் முதல் எகானமிக்கு 106 பவுண்டு. எகானமியில் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை. லண்டனில் இறங்கி வேறு நாட்டிலிருந்து திரும்பினால் இந்த வரியைத் தவிர்க்கலாம். பாரிஸைத் தேர்ந்தெடுத்தால் அங்கும் 2025 மார்ச் முதல் நெடும்பயண எகானமிக்கு 40 யூரோ, பிசினஸுக்கு 120 யூரோ வரி. அயர்லாந்து தன் விமான வரியை 2014இலேயே நீக்கிவிட்டது.

பினாங்கில் இருக்கும் ஐரிஷ் மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் படிப்பின் தொடக்க ஆண்டுகளை டப்ளினில் கழிப்பதால், நம் குடும்பங்கள் பலருக்கு இது நேரடியாகப் பொருந்தும். டப்ளின்–லண்டன்–கோலாலம்பூர் ஒரே டிக்கெட்டில், லண்டனில் 24 மணி நேரத்துக்குள் மாறினால் பிரிட்டன் வரி வராது. டப்ளின்–லண்டனைத் தனியாகவும் லண்டன்–கோலாலம்பூரைத் தனியாகவும் வாங்கினால் வரி முழுதாக வரும். இங்கிருந்து போகும்போது, தனி டிக்கெட்டில் லண்டன் குடிநுழைவைக் கடக்க வேண்டியிருக்கும். மலேசியர்களுக்கு 2025 ஜனவரி முதல் அதற்கு ஈடிஏ என்ற இணைய முன்னனுமதி கட்டாயம். அதை எடுக்காமல் போனால் இங்கேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

மாணவருக்கே டிக்கெட் எடுக்கிறீர்களா? முதல் முறை ஒருவழியாக அனுப்பிவிட்டு, அதன் பிறகு டப்ளின்–கோலாலம்பூர்–டப்ளின் என்று அங்கே தொடங்கும் போய்வரும் டிக்கெட்டுகளின் விலையையும் பாருங்கள். இதுவும் வேறு நாட்டில் பயணம் தொடங்குவதுதான். இணைப்பு விமானமே தேவையில்லை என்பதால் இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாவற்றிலும் ஆபத்துக் குறைந்தது இதுவே.

தவறினால் என்ன செய்வது

இணைப்பு விமானம் தாமதமாகும் என்று தெரிந்த அடுத்த நிமிடம், நெடும்பயண விமானம் புறப்படும் முன்பே அந்த நிறுவனத்தை அழையுங்கள். புறப்படும் முன் மாற்றினால் 16ஆம் பிரிவில் உள்ள அபராதமும் கட்டண வித்தியாசமும்தான். புறப்பட்ட பின் என்றால் வராதவர் கணக்கு. அழைப்பு எண்ணையும் பதிவுக் குறியீட்டையும் கைத்தொலைபேசியிலும் தாளிலும் எழுதி வையுங்கள். மலேசிய விமானப் பயணி பாதுகாப்பு விதிப்படி இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு உணவும், ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. அது அந்தச் சிறிய டிக்கெட்டின் பணம் மட்டுமே. தவறவிட்ட பெரிய டிக்கெட்டுக்கு அந்த விதி உதவாது.

பயணக் காப்புறுதி வாங்கும்போது இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். தனித்தனி டிக்கெட்டில் இணைப்பைத் தவறவிட்டால் இழப்பீடு உண்டா? பயணம் மலேசியாவில் தொடங்கி மலேசியாவில் முடிய வேண்டும் என்ற நிபந்தனையில் எந்தத் தேதியைத் தொடக்கமாகக் கொள்வார்கள்? வீட்டை விட்டு மேடானுக்குப் புறப்படும் நாளே தொடக்கமாக இருக்க வேண்டும், மேடானிலிருந்து பறக்கும் நாள் அல்ல. சங்கிலி முறையில் போகிறவர்கள் ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் ஒரு காப்புறுதி முடிகிறது என்று கொண்டு, அடுத்த துண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும்.

நெடும்பயண நிறுவனம் பின்னாளில் நேரத்தை மாற்றும் மின்னஞ்சல் அனுப்பினால் அதை உடனே ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் உங்கள் இணைப்பு விமானத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால், அவர்கள் மாற்றிய அந்தச் சமயத்தில்தான் கட்டணமின்றி வேறு நாளுக்கோ வேறு விமானத்துக்கோ மாற்றித் தரும்படி கேட்க உங்களுக்கு வலு இருக்கிறது.